பந்தயக் கார் எஞ்சினும் விதிப் புத்தகமும்

பந்தயக் கார்களைப் பற்றி ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று வாசகர்களில் சிலர் கேட்கக் கூடும். பந்தயம் செல்வந்தரின் பொழுதுபோக்கு, அதில் பெட்ரோலும் டயரும் வீணாவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை என்ற அபிப்பிராயம் நம்மிடையே வெகு நாட்களாக இருந்து வருகிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் நான் இங்கு எடுத்துக்கொள்வது செல்வந்தரின் பந்தயத்தை அன்று. பொறியியல் மாணவர்கள் தம் கைகளாலேயே கட்டி ஓட்டும் சிறு பந்தயக் கார்களை. அங்கு வழங்கும் ஒரே ஒரு விதி, தடித்த பாடப் புத்தகங்கள் பல சேர்ந்தும் கற்பிக்க இயலாத யந்திரவியலைக் கற்பிக்க வல்லது. அந்தப் பாடத்தைக் கற்கக் கிடைத்த வாய்ப்பை நம் கல்லூரிகளில் பல, காசு கொடுத்துக் கைவிட்டு வருகின்றன என்பதே என் குறை.

முதலில் விதியைக் கூறிவிடுகிறேன். அமெரிக்காவில் மோட்டார் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ., 1980-களின் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்காகப் ‘பார்முலா எஸ்.ஏ.இ.’ என்ற போட்டியை ஏற்படுத்தியது. அது இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. நம் நாட்டில் ‘சுப்ரா’ என்ற பெயரில் 2011 முதல் ஒரு போட்டியும், கோயம்புத்தூர்க் கரி ஸ்பீட்வே ஓடுதளத்தில் ‘பார்முலா பாரத்’ என்ற மற்றொரு போட்டியும் அதே மரபில் நடைபெற்று வருகின்றன. எஞ்சின் நான்கு வீச்சு முறையில் இயங்குவதாய், 710 கன சென்டிமீட்டருக்கு மிகாத கொள்ளளவு உடையதாய் இருக்க வேண்டும். உட்பாகங்களை மாற்றிக்கொள்ளலாம், காம்ஷாப்டைத் தேய்க்கலாம், பிஸ்டனை மாற்றலாம், உறிஞ்சு குழல்களைப் புதிதாகச் செய்யலாம். ஆனால் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு வட்டத் துவாரத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஒரு சிறு நாணயத்தின் அகலமே அது. இதற்கு ‘ரெஸ்ட்ரிக்டர்’ என்று பெயர். நாம் குறுக்கி என்று வழங்குவோம்.

பெட்ரோல் எஞ்சின்களைப் பழுது பார்த்தவர்கள் இதன் கடுமையை உடனே உணர்வார்கள். எஞ்சினின் சக்தி பெட்ரோலில் இருந்து வருகிறது என்று சொன்னாலும், உண்மையில் அதற்கு வரம்பு கட்டுவது காற்றே. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்க ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு எடையுள்ள காற்றை உள்ளே கொண்டு வருவதுதான் கடினம். அந்தக் காற்றின் வழியில் 20 மில்லிமீட்டர்க் குறுக்கியை வைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும், துவாரத்தின் கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் ஓட்டம் பெருகாது. பின்பக்கத்தில் அழுத்தம் இன்னும் குறைந்துவிட்டது என்ற செய்தி, ஒலி வேகத்தில் எதிரே ஓடி வரும் காற்றைக் கடந்து முன்பக்கத்தை அடைய முடியாது. பௌதிக ஆசிரியர்கள் கரும்பலகையில் இதைக் கணக்கிட்டுக் காட்டலாம். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்திலும் 27 டிகிரி உஷ்ணத்திலும் 20 மில்லிமீட்டர் துவாரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 74 கிராம் காற்றுக்கு மேல் செல்லாது. அதனுடன் சேரக்கூடிய பெட்ரோல் வினாடிக்கு 6 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதன் உஷ்ண சக்தியில் நூற்றுக்கு முப்பது பங்கு சுழல் சக்தியாக மாறுவதாக வைத்துக்கொண்டாலும் நூறு குதிரைச் சக்தியைத் தாண்டுவது அரிது. கோயம்புத்தூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இன்னும் சற்றுக் குறையும். ஆனால் எல்லோருக்கும் ஒன்றுபோலவே குறையும்.

இத்தகைய விதி அறிவின் வளர்ச்சிக்குத் தளை என்று வாதிப்போர் உண்டு. எஞ்சினை முழு மூச்சாக ஓட விட்டால்தானே அதன் உச்சத்தைக் காண முடியும் என்பர். இந்த வாதம் எனக்கு உடன்பாடு அன்று. தடையின்றி விட்டால் வெல்பவர் அதிக விலையுள்ள எஞ்சினை வாங்கியவர். அதில் மாணவன் கற்பது விலைப்பட்டியலை மட்டுமே. எஞ்சினை முத்திரையிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுத்து விடுவது இன்னொரு வழி. ஓட்டுபவரின் திறமையைச் சோதிக்க அது தக்க வழி. ஆனால் யந்திரவியல் மாணவனுக்கு அது பூட்டிய புத்தகம். ஒரே ஓர் அளவைக் கண்டிப்பாகக் கட்டி, மற்றவற்றையெல்லாம் திறந்து விடும் மூன்றாவது முறையே கல்விக்கு ஏற்றது.

விதி எதைச் சொல்கிறது என்பதைப் போலவே எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கழுத்தின் விட்டத்தை அது கூறுகிறது. கழுத்துக்கு முன்னும் பின்னும் குழல் எவ்வாறு வளைய வேண்டும் என்று கூறவில்லை. தட்டையான தகட்டில் கூரிய விளிம்புள்ள துவாரம் இட்டால், காற்று விளிம்பைக் கடந்த பிறகும் உள்நோக்கிச் சுருங்கிக் கொண்டே செல்லும். துவாரத்தின் பரப்பில் ஏறத்தாழ அறுபது சதவிகிதமே பயன்படும். எக்காளத்தின் வாயைப் போல் முன்பக்கத்தை வளைத்து விட்டால் அந்த நஷ்டம் பெரும்பாலும் மறைகிறது. அதனினும் முக்கியமானது பின்பக்கம். கழுத்தில் வேகமாகச் சென்ற காற்றைத் திடீரென்று அகன்ற அறையில் விட்டால், அதன் வேகம் சுழல்களாகச் சிதறி வீணாகிறது. மிக மெல்லச் சரிந்து விரியும் நீண்ட குழல் ஒன்றைப் பொருத்தினால், அந்த வேகம் திரும்ப அழுத்தமாக மாறுகிறது. தகட்டுத் துவாரத்தில் முழு ஓட்டத்தைப் பெற எஞ்சின் தன் பக்கத்து அழுத்தத்தை வளிமண்டலத்தின் பாதி அளவுக்குக் குறைத்து இழுக்க வேண்டும். நன்கு செய்த விரிகுழல் இருந்தாலோ சிறிதளவு இழுப்பே போதும். விட்டம் அதே 20 மில்லிமீட்டர்தான். பரிசோதகரின் அளவுகோல் இரண்டிலும் ஒன்றையே காட்டும். விதியை மீறாமலே இவ்வளவு வித்தியாசம்!

எல்லா விதிகளும் இவ்வாறு இடம் விடுவதில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில், 1987-இல் தாலடேகா ஓடுதளத்தில் ஒரு கார் பார்வையாளர் வேலியின் மேல் பறந்து மோதிய விபத்துக்குப் பிறகு, வேகத்தைக் குறைக்கும் பொருட்டு 1988 முதல் அங்கும் டேடோனாவிலும் துளையிட்ட தகடுகள் கட்டாயமாயின. அந்தத் தகட்டைப் போட்டி அதிகாரிகளே கையில் கொடுத்தனர். அதன் உருவத்தில் யாரும் கை வைக்க முடியாது. 2019-இல் அந்தத் தகடுகளும் வழக்கொழிந்தன. நோக்கம் பாதுகாப்பு ஆகையால் அது சரியே. மாணவர் போட்டியின் நோக்கம் கல்வி. ஆகையால் உருவம் அவர்களிடமே விடப்பட்டது.

குறுக்கியைத் தாண்டியதும் வேறொரு புதிர் காத்திருக்கிறது. நம் நாட்டு அணிகள் பல, நான்கு சிலிண்டர் எஞ்சின் கிடைப்பது அரிதும் விலை அதிகமும் ஆகையால், இங்கேயே தயாராகும் கே.டி.எம். மோட்டார் சைக்கிளின் 373 கன சென்டிமீட்டர் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை உபயோகிக்கின்றன. நிமிஷத்துக்கு 9,000 சுழற்சியில் அது உறிஞ்சும் காற்றைக் கணக்கிட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 33 கிராம்தான் வருகிறது. குறுக்கியோ 74 கிராம் வரை இடம் தருகிறது. அப்படியானால் சிறிய எஞ்சினுக்குக் குறுக்கி ஒரு தடையே அன்று என்று தோன்றும். இங்கேதான் சராசரி என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஒற்றைச் சிலிண்டர் நான்கு வீச்சுகளில் ஒன்றில் மட்டுமே மூச்சு வாங்குகிறது. அந்தக் கால் பங்கு நேரத்தில் ஓட்டம் சராசரியைப் போல் மூன்று நான்கு மடங்காக எழும்பி, 74 கிராமைக் கடக்கப் பார்த்துத் தடைபடும். மற்ற முக்கால் பங்கு நேரம் குறுக்கி சும்மா இருக்கும்.

இதற்குப் பரிகாரம் குறுக்கிக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு காற்றறையை வைப்பது. கிணற்றில் ஊற்று இடைவிடாமல் சுரக்கிறது. பம்பு அவ்வப்போது இறைக்கிறது. இடையில் உள்ள நீர்த்தேக்கம் இரண்டையும் பொருத்தி வைக்கிறது. அதுபோலவே காற்றறையும். சிறிதாக இருந்தால் துடிப்பு அடங்காது. மிகப் பெரிதாக இருந்தாலோ, ஓட்டுபவர் பெடலை மிதித்த பிறகு அறை நிரம்பும் வரை எஞ்சின் தயங்கும். வளைவுகள் நிறைந்த சிறு ஓடுதளத்தில் அந்தத் தயக்கம் வினாடிகளைத் தின்றுவிடும். எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. இரண்டு மூன்று அளவுகளில் தகரத்திலோ நார்க் கண்ணாடியிலோ செய்து, எஞ்சினில் பூட்டி, ஓட்டி, குறித்து வைத்துத்தான் காண வேண்டும்.

நான்கு சிலிண்டர், 600 கன சென்டிமீட்டர் எஞ்சினை உடையவர்களுக்குப் பிரச்னை நேர் எதிரானது. அத்தகைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் நிமிஷத்துக்கு 13,000 சுழற்சிக்கு மேல் ஓடித் தன் உச்ச சக்தியைக் காட்டும்படி அமைக்கப்பட்டது. ஆனால் சிலிண்டர் முழுதும் நிரம்புவதாகக் கொண்டால், சுமார் 12,500 சுழற்சியிலேயே வினாடிக்கு 74 கிராம் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் சுழல்வது வெறும் உராய்வும் இரைச்சலுமே. எனவே உச்ச சுழற்சிக்காக வெகு நேரம் திறந்திருக்கும்படி செய்யப்பட்ட உறிஞ்சு வால்வை, காம்ஷாப்டைத் தேய்த்துச் சற்று முன்னதாகவே மூடும்படி செய்தால், நடு வேகங்களில் உள்ளே வந்த காற்று திரும்பி ஓடாமல் அகப்படும். இழுப்பு விசை பெருகும். அன்றியும், காற்றின் அளவு கட்டுப்பட்டு விட்டதால், கிடைத்த ஒவ்வொரு கிராமிலிருந்தும் அதிக வேலை வாங்குவதே மீதமுள்ள வழி. அமுக்க விகிதத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினால், ஆட்டோ சக்கரத்தின் கணக்குப்படி திறன் 60 சதவிகிதத்திலிருந்து 63 சதவிகிதமாகிறது. மெய்யான எஞ்சினில் இரண்டு எண்களுமே இதனினும் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் விகிதம் ஏறக்குறைய அதுவே. சாதாரண எஞ்சினில் இவ்வாறு உயர்த்தினால் தட்டல் ஏற்படும். குறுக்கி இருக்கும்போது உயர் வேகத்தில் சிலிண்டர் முழுதும் நிரம்பாததால் சற்றே துணிய இடமுண்டு. நடு வேகத்தில் அந்த இடம் இல்லை என்பதை மறந்து பிஸ்டனை உருக்கிய அணிகளும் உண்டு.

எடை குறைப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூற வேண்டியிருக்கிறது. கனெக்டிங் ராடையும் பிஸ்டனையும் இழைத்து இலேசாக்க மாணவர்களுக்கு ஆவல் அதிகம். 42.5 மில்லிமீட்டர் வீச்சுள்ள எஞ்சின் 12,000 சுழற்சியில் ஓடும்போது, மேல் முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 4,000 மடங்குக்கும் அதிகம். அதாவது 200 கிராம் பிஸ்டன் ஒன்று, அந்தக் கணத்தில் 800 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையாகக் கனெக்டிங் ராடில் தொங்குகிறது. நிமிஷத்துக்கு 12,000 தடவை இவ்வாறு நிகழ்கிறது. அரம் விட்ட கீறல் ஒன்று போதும். இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டுக் காட்டாத மாணவன் அரத்தைத் தொடக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். கல்லூரிப் பட்டறையில் கற்றதைத் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் செய்து பார்த்துச் சாலையில் ஓட்டுவதும் வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. சாலை வேறு, ஓடுதளம் வேறு.

விதியின் எழுத்தைக் கூர்ந்து படித்து, அது விட்ட இடத்தில் புகுவது ஏமாற்று ஆகாதா என்று ஆசிரியர்கள் சிலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. எது ஏமாற்று என்பதை விளக்க ஒரு பழைய உதாரணம் போதும். 1995-இல் ஸ்பெயினில் நடந்த காட்டலோனியா ராலியில் டொயோட்டா அணியின் கார்களைப் பரிசோதித்தார்கள். அந்தப் பந்தயத்திலும் டர்போவின் வாயில் 34 மில்லிமீட்டர்க் குறுக்கி கட்டாயம். குழாயைக் கழற்றிப் பார்த்தால் குறுக்கி ஒழுங்காக இருந்தது. ஆனால் குழாயைப் பூட்டி இறுக்கும்போது, உள்ளிருந்த வில்கள் அமுங்கி, குறுக்கி சில மில்லிமீட்டர் நகர்ந்து, அதைச் சுற்றிக் காற்று புகுவதற்கு வழி திறந்தது. கழற்றும்போது அதுவே மூடிக்கொண்டது. செய்நேர்த்தியில் அதற்கு நிகர் கூறுவது கடினம். அணியின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஓர் ஆண்டுக்குப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. விரிகுழலைச் செய்த மாணவன் அதைப் பரிசோதகரின் கையில் கொடுத்து, இப்படித்தான் செய்தேன், கணக்கு இது என்று சொல்லலாம். அந்த ராலிக் காரின் குறுக்கியைச் செய்தவர் அவ்வாறு சொல்லியிருக்க முடியாது. கையில் கொடுத்து விளக்கக் கூடியதா, ஒளிக்க வேண்டியதா? இதை மட்டும் கேட்டால் போதுமானது. மாணவர் போட்டியில் பரிசோதகர் செய்யும் சோதனையும் எளியதே: எஞ்சின் ஓடும்போது காற்று வாயிலை அடைத்துவிட்டால் அது உடனே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் வேறு வழியில் காற்று புகுகிறது என்று பொருள்.

இவ்வளவு வாய்ப்புகள் இருந்தும் நம் பட்டறைகளில் காண்பது என்ன? உறிஞ்சு தொகுதியை வெளியில் ஒரு கடையில் செய்து வாங்குகிறார்கள். எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியை வேறொருவரிடம் கொடுத்துச் சரிசெய்து கொள்கிறார்கள். அளவு எதுவும் எடுக்காமலே, சென்ற ஆண்டு வென்ற அணியின் காற்றறையைப் படத்தில் பார்த்து அதேபோல் செய்கிறார்கள். காரில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் செலவாகும் நாட்கள், சோதனை மேடையில் செலவாகும் நாட்களை விட அதிகம். பொறுப்பாசிரியர் படிவத்தில் கையெழுத்திடுகிறார். நடுவர் வந்து ‘இந்த நீளம் ஏன்?’ என்று கேட்கும்போது மௌனமே விடை. இதில் மாணவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. கோப்பைக்கு மதிப்பளித்து, குறிப்பேட்டுக்கு மதிப்பளிக்காத கல்லூரிகளே இதற்குப் பொறுப்பு. செய்முறைத் தேர்வு மதிப்பெண்களில் ஒரு பகுதியை அந்தக் குறிப்பேட்டுக்கே ஒதுக்க வேண்டும்: எதை மாற்றினோம், மாற்றுமுன் என்ன அளவு, மாற்றிய பின் என்ன அளவு, எதிர்பார்த்தது எது, நடந்தது எது. தோற்ற அணியின் குறிப்பேடு வென்ற அணியினுடையதை விடச் சிறந்ததாக இருந்தால், மதிப்பெண்ணும் அவ்வாறே கிடைக்க வேண்டும்.

இனி வரும் காலம் மின்சாரக் கார்களுடையது. காற்றுக் குறுக்கியைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்றும் கேட்கிறார்கள். மாணவர் போட்டிகளில் மின்சாரக் கார்களுக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டுவிட்டது உண்மையே. ஆனால் அங்கும் மின்கலத் தொகுதியிலிருந்து எடுக்கும் சக்தி 80 கிலோவாட்டுக்கு மிகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை அளக்க அதிகாரிகளின் கருவி ஒன்று காரிலேயே பொருத்தப்படுகிறது. துவாரத்துக்குப் பதில் ஒரு மீட்டர் வந்திருக்கிறது. கணக்கு மாறவில்லை.

கிராமங்களில் எண்ணெய் எஞ்சின் பம்பு செட்டுகளைப் பார்வையிடும் அலுவலர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக் கொண்டால், அதுவும் ஒரு குறுக்கியே. எஞ்சின் கரும்புகை கக்கும்; இழுப்பு குறையும். விவசாயி வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இப்போது நன்றாக ஓடுகிறது என்று மகிழ்கிறார். சில மாதங்களில் புழுதி புகுந்து வளையங்களும் லைனரும் தேய்ந்து போகின்றன. வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகு புகை எவ்வளவு குறைகிறது என்பதை அவர் கண்ணெதிரே காட்டிவிட்டால், நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை அது செய்யும்.

பந்தயக் கார் இல்லாத பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். காற்றுப் புகாத ஒரு மரப் பெட்டி, தூசி உறிஞ்சும் வீட்டு யந்திரம் ஒன்று, நிறமிட்ட நீர் உள்ள யூ வடிவக் கண்ணாடிக் குழாய் ஆகியவை போதும். பெட்டியின் ஒரு பக்கத்தில் யந்திரத்தை இணைத்து, மறுபக்கத்தில் முதலில் 20 மில்லிமீட்டர் துவாரமிட்ட தகட்டையும், பிறகு அதே விட்டத்தில் மரத்தில் கடைந்த எக்காள வாயும் விரிகுழலும் உள்ள துண்டையும் பொருத்தி, இரு முறையும் நீர்மட்ட வித்தியாசத்தைக் குறிக்க வேண்டும். குழாயின் இரு கரங்களும் இரண்டு மீட்டர் உயரமாவது இருக்கட்டும். தகட்டைப் பொருத்தும்போது வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டக் கூடும். குழாய் குட்டையாக இருந்தால் நீர் முழுவதும் யந்திரத்துக்குள் போய்விடும். கடைந்த துண்டின் சரிவை இரண்டு மூன்று விதமாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வரலாம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அன்றைய அறை உஷ்ணத்தையும் பாரமானியின் அளவையும் குறிக்கச் சொல்லுங்கள்.